மடகாஸ்கரின் வருங்கால அதிபர்

திருவொற்றியூர் தேரடியில் யாரைக் கேட்டாலும், "போலீஸ் வந்ததுக்குக் காரணமே தௌசீஃப்தான்" என்பார்கள். என் மனைவி சபீஹாவே சொல்வாள். சொல்லட்டும். இருபது அடிக்குப் பன்னிரண்டு அடியில், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல், ஐப்பசி மழைக்கும் சாயம் போகாமல் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியவன் நான். அதைப் படித்துவிட்டு நிஜம் என்று நம்பினார்களே, அவர்கள் மேல் தப்பா, என் மேல் தப்பா? முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் ஃப்ளெக்ஸ் கடைக்கு நேர் எதிரே ஆசீர்வாதம் அண்ணாச்சியின் கடை. தெற்கே நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். இருபத்தாறு வருஷமாகக் கப்பல்களுக்கு மளிகை சப்ளை செய்கிறார். எண்ணூர்த் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டை என்று வேனில் ஏற்றி அனுப்புவார். துறைமுக கேட்டில் சீல் இல்லாத பேப்பரை நீட்டினால் வேன் ஓரடி நகராது. அந்த கேட்டிலேயே நின்று நின்று, சீல் இல்லாத பேப்பர் பேப்பரே இல்லை என்பது அவருக்கு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. கடை சீலையும் மைப் பெட்டியையும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் அது பையில் இருக்கும். அவருடைய வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் நெஞ்சுக்கு நேரே ஓர் ஊதாக் கறை உண்டு.

அவருக்கு ஒரே பெண், ஷெர்லின். கப்பல் ஆர்டர்களைப் போனில் வாங்குவது அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நிலக்கரிக் கப்பலிலிருந்து ஆர்டர் வந்தது. இருபத்திரண்டு ஆட்கள், இருபது நாள், அறுநூறு கிலோ அரிசி. கை தவறி ஒரு சைஃபர் அதிகமாக விழுந்துவிட்டதோ என்று அவள் கப்பலுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் கப்பலின் தலைமைச் சமையல்காரன். "அதிகம் இல்லை மேடம். குறைச்சலாகத்தான் போட்டிருக்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னானாம். அவன் மடகாஸ்கர்க்காரன். அந்தத் தீவில் மூன்று வேளையும் சோறுதான். சாப்பிட்டு முடித்ததும், சோறு பொங்கின சட்டியில் அடிப்பிடித்திருக்கும் காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து அதையும் குடிப்பார்களாம். இப்படியும் ஒருவன் உண்டா என்று பார்ப்பதற்காகவே ஷெர்லின் அன்றைக்கு வேனில் ஏறித் துறைமுகம் போனாள். பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது கதை.

அவன் பெயர் சொலோஃபோ. முழுப்பெயர் பாஸ்போர்ட்டில் இரண்டு வரி. அண்ணாச்சி அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "சாலமோன்னு வச்சுக்கிடுவோம்" என்றார். அந்தக் கப்பல் எண்ணூருக்கும் வேறெங்கோவுக்கும் போய்ப் போய் வந்ததில், கேட்டில் நிற்கும் லாரி டிரைவர்களிடமும் கிரேன் ஓட்டுபவர்களிடமும் சொலோஃபோ தமிழ் கற்றுக்கொண்டான். அவர்கள் என்ன தமிழ் சொல்லிக் கொடுப்பார்கள்? அண்ணாச்சியை முதன்முதலாகப் பார்த்தபோது கையைக் கூப்பி, "இன்னா அண்ணாச்சி, சோக்கா கீறியா?" என்றான். தமிழ் பேசினானே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அண்ணாச்சிக்கோ முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஏல தௌசீஃபு, இவன் கறுப்பா சிவப்பாங்கிறதுகூட எனக்குப் பெருசு இல்ல. எங்க ஊர்ச் சொந்தக்காரங்க முன்னால இவன் வாயத் திறந்தான்னா என் மானம் போயிரும்" என்றார்.

எங்கள் தமிழுக்கு என்ன குறைச்சல் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஷெர்லினுக்காக அடக்கிக்கொண்டேன்.

நிறமும் பெரிதாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நாசரேத்திலிருந்து அண்ணாச்சியின் அக்கா செல்லக்கனி போன் போட்டு, "பையன் என்ன நெறம்?" என்று கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணாச்சி தன்னுடைய முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னையவிட ரெண்டு பிடி வெளுப்புதான்" என்றார். பிறகு, "முடி?" என்று கேட்டாள். "சுருட்டை." "பல்லு?" "ஏன்க்கா, மாடா பிடிக்கப் போறோம்?" என்று போனை வைத்துவிட்டார்.

இப்படியே இரண்டு வருஷம் இழுத்தது. போன ஆகஸ்டில் சொலோஃபோ கப்பலிலிருந்து லீவில் இறங்கி, ஊருக்குப் போய்விட்டு, விசா வாங்கிக்கொண்டு நேரே தேரடிக்கு வந்தான். கையில் ஒரு பேப்பர். தனக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று அவன் நாட்டு அரசாங்கம் கொடுத்த சர்டிபிகேட். கீழே சிவப்பு மையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட சீல். அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"சீல் நல்லா அழுத்தமா விழுந்திருக்கு" என்றார். சம்மதம் சொன்னது அந்த விதத்தில்தான். நவம்பர் பத்தாம் தேதி கல்யாணம் என்று முடிவானது. பன்னிரண்டாம் தேதியோடு அவன் விசா முடிகிறது.

செப்டம்பர் கடைசியில் மடகாஸ்கரில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை என்று படிக்கிற பிள்ளைகள் ஆரம்பித்தது, நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. சொலோஃபோ விஷயத்தைச் சொன்னபோது சபீஹா லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவள், குடத்தை நட்டநடு ரோட்டில் இறக்கி வைத்தாள்.

"இன்னாது? தண்ணி வர்ல, கரண்ட் நிக்குதுன்னு கவர்மெண்டையே கவுக்கறானுங்களா? இது தெரியாம நான் இத்தினி வருசமா கொடத்த தூக்கிகினு லாரி பின்னாடி ஓடிகினு கீறேனே!"

அன்றையிலிருந்து தெருவுக்கே மடகாஸ்கர் பைத்தியம் பிடித்தது. டீக்கடையில் அதே பேச்சு. தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். ஆனால் யார் யார் பக்கம் சாய்வார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாத பிரெஞ்சுச் செய்தியை நாளெல்லாம் போனில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

சொலோஃபோவுக்கு மட்டும் அது வேடிக்கை இல்லை. அவன் தங்கை அங்கே காலேஜில் படிக்கிறாள். கூட்டத்தோடு போனவள் இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. அண்ணாச்சி கடையில் ஓர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் அழுதான். ஷெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பார்க்கிறாரே என்று கையை எடுக்கவில்லை. அண்ணாச்சி பார்த்தார், இருமினார், தனக்கு வந்த டீயை அவன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் தங்கையே கூப்பிட்டாள். கண்ணீர்ப் புகையில் கண் எரிகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை, எதற்கு இத்தனை தடவை கூப்பிட்டாய் என்று அவனைத்தான் திட்டினாளாம்.

சரி, கண்டம் தப்பியது என்று பார்த்தால், அக்டோபர் நடுவில் அந்த நாட்டு ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. அதிபர் நாட்டிலேயே இல்லை. மறுநாள் காலையில் அண்ணாச்சி சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

"சீல் போட்ட கவர்மெண்டே போயிட்டு. பேப்பரு மட்டும் எப்படி நிக்கும்? புது கவர்மெண்ட் வரட்டும், புது சீல் போடட்டும். அதுக்கப்புறம் கல்யாணத்தப் பேசுவோம்."

"அப்பா! பேப்பர் செல்லும்னு வக்கீலே சொல்லிட்டாருப்பா" என்றாள் ஷெர்லின்.

"வக்கீலு ஒரு நாளாவது துறைமுக கேட்டுல வந்து நின்னிருக்காரா?"

இரண்டு நாளில் ராணுவத்தின் கர்னல் ஒருவர் புது அதிபராகப் பதவிப் பிரமாணம் எடுத்தார். நான் வீடியோவோடு ஓடினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ராணுவமா? அது டெம்பரவரி போஸ்டிங்குல்லா? பெர்மனெண்ட் ஆளு வரட்டும்."

இதற்கு என்ன சொல்வீர்கள்? ஒரு தீவு தேர்தல் நடத்தி, ஆளைப் பொறுக்கி, அவர் வந்து சீல் போடும்வரை ஒரு பெண் காத்திருக்க வேண்டுமாம்! உண்மையில் அவருக்குப் பயம். மகள் கடல் தாண்டிப் போய்விடுவாளோ, அங்கேயும் இப்படித் தெருவில் புகை பறக்குமோ என்று பயம். அதைச் சொல்ல வெட்கம், அதனால் சீலைப் பிடித்துத் தொங்கினார். சொலோஃபோவை மாப்பிள்ளை என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. "அந்தக் கப்பல்காரன்" என்றுதான் சொல்வார்.

அவர்கள் கோயில் வழக்கம் இது: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, சபை முன்னால் பெண் பெயரையும் பிள்ளை பெயரையும் சொல்லி ஓலை வாசிக்க வேண்டும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்லலாம். அதற்குப் பெண்ணின் அப்பா போதகரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நவம்பர் பத்துக்குள் மூன்று ஞாயிறு வேண்டுமென்றால், அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமைக்குள் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டாக வேண்டும். தவறினால் சொலோஃபோ விசா முடிந்து கிளம்பிவிடுவான். மறுபடி எந்தக் கப்பல், எந்த வருஷம், யாருக்குத் தெரியும்?

"ரெஜிஸ்டர் ஆபீஸ் கீதும்மா. நான் சாட்சி கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"வேணாம்ணே" என்றாள் ஷெர்லின். கண் கலங்கியிருந்தது. "எங்கப்பா வாயால ‘என் மாப்ள’ன்னு ஒரு வார்த்தை வரணும். இல்லன்னா நான் எந்தப் படியும் ஏற மாட்டேன்."

அப்பனுக்குத் தப்பாத பெண். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் நான் களத்தில் இறங்கினேன். இருபத்துநான்காம் தேதி சொலோஃபோவுக்குப் பிறந்தநாள். எங்கள் பக்கம் பிறந்தநாள் என்றால் ஃப்ளெக்ஸ் உண்டு, ஃப்ளெக்ஸ் என்றால் ‘வருங்கால’ உண்டு. போன மாதம் கருவாட்டுக் கடை சுப்புராஜுக்கு ‘வருங்கால முதல்வரே’ என்று அடித்தேன். அவர் மீன் மார்க்கெட் சங்கத்துப் பொருளாளர் தேர்தலிலேயே தோற்றவர். யாராவது கேட்டார்களா? அப்படியிருக்க, சொலோஃபோவைத் தெருவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதைப் பார்த்தால் அண்ணாச்சி மனசு இளகாதா என்று நினைத்தேன்.

சமையல்காரக் கோட்டு போட்ட போட்டோவில் அவன் முடி வெட்டுபவர் மாதிரி இருந்தான். அதனால் தலையை மட்டும் வெட்டி, நெஞ்சு நிறைய மெடல் குத்திய ஒரு தளபதி உடம்பில் ஒட்டினேன். பக்கத்தில் ஒரு சிங்கம். மேலே ‘தீவே எழு! தளபதி வருகிறார்!’. நடுவில் ‘மடகாஸ்கரின் வருங்கால அதிபரே! அண்ணன் சாலமோன் அவர்களே!’. கீழே வரிசையாகத் தெரு ஆட்கள் முப்பது பேர் முகம். எல்லாருக்கும் முன்னால் பெரிதாக அண்ணாச்சியின் துறைமுக பாஸ் போட்டோ. அவருக்கு மரியாதையாக ஒரு பதவி வேண்டாமா? ‘தலைமை ஆலோசகர்’ என்று போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டினேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதோடு சரி. எவனோ அதைப் படம் பிடித்து நெட்டில் போட்டுவிட்டான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. என்னையும் சொலோஃபோவையும் ஏற்றினார்கள். பிறகு, "இதுல தலைமை ஆலோசகர் யாருப்பா?" என்று கேட்டு அண்ணாச்சியையும் ஏற்றினார்கள். ஷெர்லின் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்தாள்.

இன்ஸ்பெக்டர் வரதன் மேஜையில் போனை வைத்தார். திரையில் என் ஃப்ளெக்ஸ், பளிச்சென்று. "ஒரு நாட்டுல ஆட்சி கவுந்து ரெண்டு வாரம் ஆகல. அந்த நாட்டுத் தளபதி ஒருத்தர் திருவொற்றியூர்ல இருக்காருன்னு காலைலேர்ந்து எனக்கு எங்கெங்கேயோ இருந்து போன் வருது. யூனிஃபார்ம் ஏது?"

"டெம்ப்ளேட் சார். போன வாரம் இதே யூனிஃபார்ம்ல ஒரு காதுகுத்து போச்சு."

"காது குத்துனவருக்கு என்ன வயசு?"

"ஒம்போது மாசம் சார்."

"பின்னாடி தெரியற அரண்மனை?"

"நம்ம கார்ப்பரேஷன் ரிப்பன் பில்டிங் சார். அவுங்க ஊர் அரண்மனை க்ளியரா கெடைக்கல."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "சிரிக்கற விஷயம் இல்லய்யா. விசாவுல வந்த ஆளு அரசியல் பண்றார்னு நான் ஒரு வரி எழுதுனா, அடுத்த ஃப்ளைட்ல ஏத்திடுவாங்க. திரும்ப விசாவே கிடைக்காது."

வாசலில் நின்ற ஷெர்லின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரம் ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறேன், ஒன்றுக்கும் இப்படி வெட்கப்பட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க வியாபாரம் பண்ற ஆளு. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? ‘இவர் யார்னே எனக்குத் தெரியாது, என் போட்டோவக் கேக்காம போட்டுட்டாங்க’ன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் சொலோஃபோ முந்திக்கொண்டான். "கரீக்டு சார். இவ்ருக்கு என்னைத் தெர்யாது. சும்மா மளிகை குடுக்கறாரு, அவ்ளோதான். இவ்ருக்கு சுகர் கீது சார். பன்னெண்டு மணிக்கு மாத்திரை போடணும், துன்னுட்டுப் போடணும். வூட்டுக்கு அனுப்பிடு சார். நான் இங்கியே குந்திகினு கீறேன்."

அண்ணாச்சி அவனையே பார்த்தார். அந்த மாத்திரை நேரம் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எதிர்க்கடையில் இருக்கிற எனக்கே தெரியாது.

"பேப்பர் தாங்க" என்றார் அண்ணாச்சி.

எழுதினார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி எழுதினார். போச்சு, கைகழுவிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஷெர்லின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இன்ஸ்பெக்டர் பேப்பரை வாங்கிச் சத்தமாகவே படித்தார்.

"ஐயா, மேற்படி ஃப்ளெக்ஸில் தளபதி வேஷத்தில் இருக்கும் சாலமோன் என்பவர் என் மாப்பிள்ளை. அவருக்கு நாடு ஆளத் தெரியாது. சோறு நன்றாகப் பொங்குவார். அவர் ஊரில் இப்போது நிலைமை சரியில்லாததால் இங்கே அவருக்கு எல்லாப் பொறுப்பும் நான்தான். இப்படிக்கு, ஆசீர்வாதம்."

படித்து முடித்ததும் அண்ணாச்சி, "ஒரு நிமிஷம் சார்" என்று பேப்பரைத் திரும்ப வாங்கினார். சட்டைப் பையிலிருந்து சீலை எடுத்தார். மைப் பெட்டியில் இரண்டு தடவை ஒற்றி, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து, பலம்கொண்ட மட்டும் அழுத்தினார்.

"இது கடை சீலுங்களே" என்றார் வரதன்.

"ஆமா சார். இருபத்தாறு வருஷமா ஒரே சீலுதான். இன்னும் கவுழல."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃப்ளெக்ஸை உடனே இறக்க வேண்டும், இனிமேல் வேற்று நாடுகளுக்கு நான் அதிபர் போடக் கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு மூன்று பேரையும் அனுப்பினார். வாசலில் ஷெர்லின் அப்பாவின் தோளில் சாய்ந்து, ஊதாக் கறைமேல் முகத்தை வைத்து அழுதாள். சொலோஃபோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ரொம்ப டேங்க்ஸ் நைனா" என்றான்.

"நைனாவாம்ல நைனா! மாமான்னு சொல்லு" என்றார் அண்ணாச்சி. "வா, மாத்திரைக்கு நேரமாச்சி. போற வழியில போதகர் வீட்ல இறங்கி ஓலைய எழுதிக் குடுத்துருவோம்."

ஆட்டோவில் ஏறினவர் தலையை வெளியே நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏல, கல்யாண ஃப்ளெக்ஸ் நீதான அடிக்கப் போற? என் போட்டோவுக்குக் கீழ என்ன போடுவ?"

நான் இன்னும் பயத்தில்தான் இருந்தேன். ஓலை வாசிக்கவில்லை, தாலி கட்டவில்லை, சட்டப்படி எது சரி என்று யோசித்து, "வருங்கால மாமனார்னு போட்டுடவா அண்ணாச்சி?" என்றேன்.

"வருங்காலம் என்னல வருங்காலம்? மாமனார்னே போடு."